நம்ம பக்கம் எழுப்புதல் உண்மையிலேயே வந்ததா?

09.02.2025, ஞாயிறு (கேள்வி, தூத்துக்குடியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டது)

சின்ன வயசிலிருந்து எல்லா கன்வென்ஷன் கூட்டத்திலும் “எழுப்புதல் வருகிறது, எழுப்புதல் வருகிறது” என்று, அதாவது சபை முழுக்க மனந்திரும்பி விசுவாசத்தில் உயிர்பெறப் போகிறது என்று, கேட்டே வளர்ந்தவன் நான். வருஷா வருஷம் பந்தல் பெரிசாகிறது, ஸ்பீக்கர் பெரிசாகிறது. மறுநாள் காலையில் அதே ஊர், அதே சண்டை, அதே சபைத் தேர்தல் வழக்கு. திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் என்று ஒன்று எப்போதாவது நடந்ததா? இல்லை, மிஷனெரிகள் தங்கள் நாட்டுக்கு எழுதின கடிதத்தில் மட்டும்தான் இருந்ததா?

09.02.2025, இரவு

நடந்தது தம்பி. நம்ம ஊர்களில், நம்ம ஆட்களிடத்தில் நடந்தது.

1860ஐப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை. அங்கே ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்று ஒரு ஊழியர். பிறந்தது நம்ம உக்கிரன்கோட்டையில், 1810ல். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர் என்ற மிஷனெரியிடம் படித்தவர். பிறகு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற இங்கிலாந்து மிஷனெரியோடு பழகி, மிஷன் சம்பளத்தை நம்பாமல் கர்த்தர் கொடுக்கிறதை வைத்துப் பிழைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர். 1840ல் அந்த ஊரை ஏற்படுத்தினார். இருபது வருஷம் கழித்து அந்தச் சபையில் ஜெபத்தில் பற்றிக்கொண்டது. ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பாவத்தை வாய்விட்டுச் சொல்லி அழுதார்கள். தாங்கள் கற்காத அந்நிய பாஷை பேசினார்கள். பக்கத்து ஊர்களுக்கும் அது பரவியது. பெந்தெகொஸ்தே சபை என்ற பெயரே உலகத்தில் பரவுவதற்கு நாற்பது வருஷத்துக்கு மேல் முந்தின கதை இது. அப்போது இருந்த மிஷனெரிகளில் சிலருக்கே இது பிடிக்கவில்லை. அதனால் அவர்கள் கடிதத்தில் ஜோடித்து எழுதின கதை இது என்று சொல்ல வழியில்லை.

1901ல் டோனாவூரிலும் நடந்தது. அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மா இருந்த இடம்.

நான் யார் என்று கேட்பீர்கள். 31 வருஷம் வடக்கே நர்ஸ் வேலை பார்த்து, ஓய்வு வாங்கி, ஏரல் பக்கம் சொந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்தக் கேள்வியை உங்களை விட அதிக நாள் சுமந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

10.02.2025

டோனாவூரைப் பற்றி நேற்று எழுதினதில் தப்பு. காலையில் இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். 1901 என்பது அம்மா அங்கே பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கத் தொடங்கின வருஷம். எழுப்புதல் 1905 அக்டோபரில். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம், பேசிக்கொண்டிருந்த அம்மாவால் பேச்சைத் தொடர முடியவில்லை. சனங்கள் கதறி ஜெபிக்க ஆரம்பித்து, மணிக்கணக்கில் ஓயவில்லை. அதற்கு முந்தின வருஷம் வேல்ஸ் நாட்டில் எழுப்புதல். அதே 1905ல் வடகிழக்கே காசி மலைகளிலும், பண்டித ரமாபாய் அம்மா நடத்தின முக்தி என்ற பெண்கள் இல்லத்திலும்.

திருத்தினவர்களுக்கு நன்றி. இப்படி எழுதுங்கள்.

12.02.2025, புதன்

இன்றைக்கு என்ன நாள் தெரியுமா? 1903ல் இதே பிப்ரவரி 12ந்தேதிதான் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கினது. முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. வெள்ளாளன்விளைக்காரர், அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. அதற்கு முந்தின வருஷம் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்ச் சபையார் தங்கள் காசில் ஊழியரை வெளியே அனுப்புகிறதைப் பார்த்தார். நம்ம திருநெல்வேலிச் சபை இத்தனை பெரிது, நாம் யாரை அனுப்பினோம் என்ற கேள்வியோடு திரும்பினார். சங்கம் வைத்த கொள்கை மூன்று: நம்ம ஆட்கள், நம்ம பணம், நம்ம நிர்வாகம். தெலுங்கு நாட்டுக்கு, தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பினார்கள். 1909ல் அவரே அங்கே போனார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான்.

நம்ம பணம் என்றால் யார் பணம்? பெரிய மனுஷர்கள் கொடுத்தது எனக்குத் தெரியாது. எங்கள் அம்மை கொடுத்தது தெரியும்.

உலை வைக்கும்போது அரிசியை அளந்து எடுத்த பிறகு, கழுவுவதற்கு முந்தி, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கிற ஓலைப்பெட்டியில் போடுவாள். இரண்டு வேளை சமைத்தால் இரண்டு பிடி. அரிசி குறைந்த நாளிலும் போடுவாள், பிடி மட்டும் சின்னதாகும். பனையோலைப் பெட்டி, ஒரு சாண் உயரம், விளிம்பு நைந்துபோன இடத்தில் நாரால் திரும்பத் தைத்திருக்கும். சனிக்கிழமை ராத்திரி அதைத் துணிப்பையில் கொட்டுவாள். பெட்டி அடியில் ஒட்டியிருக்கிற குருணையையும் விரலால் தட்டி எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பை கோயிலுக்குப் போகும். “யாருக்கும்மா?” என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னது: “நாம பாக்காத ஊருக்குட்டி.”

பரணில் கிடந்த அந்தப் பெட்டி இப்போது என் அடுப்படியில் இருக்கிறது.

15.02.2025

ஒருவர் கேட்டிருக்கிறார்: “உங்கள் முன்னோர் பஞ்சத்தில் சோற்றுக்கு மதம் மாறினவர்கள்தானே, இதில் எழுப்புதல் எங்கே?”

கோபம் வந்தது. ஒரு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

ஆமாம், எங்கள் குடும்பம் தாது வருஷப் பஞ்சத்தில் வந்த குடும்பம். 1876, 77, 78. அப்பாவின் தாத்தாவுக்குத் தகப்பனார் பனையேறி. மழை பொய்த்தது, பாளை காய்ந்தது, வீட்டில் இரண்டு பிள்ளை செத்தது. கஞ்சி ஊற்றின இடத்தில் போய் நின்றார். கால்டுவெல் ஐயரே இதையெல்லாம் மறைத்தவர் இல்லை. வருகிறவர்களின் நோக்கம் கலப்படமானது என்று வெளிப்படையாக எழுதினவர்.

ஆனால் பஞ்சம் தீர்ந்தது. மழை பெய்தது, பாளை சுரந்தது. சிலர் திரும்பிப் போனார்கள். எங்கள் பாட்டன் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர் எழுதி வைக்கவில்லை, எழுதத் தெரியாது. அவர் மகன் படித்தார், பேரன் சபையில் போதிக்கிற உபதேசியார் ஆனார். பசியில் வந்தவனைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் ஒரு வேளை பட்டினி கிடந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பங்கிட்ட கர்த்தர், பசித்தவனிடம் நோக்கம் கேட்டுவிட்டா அப்பம் கொடுத்தார்?

23.02.2025, ஞாயிறு

பழைய கதையாகவே சொல்கிறீர்கள், உங்கள் கண்ணால் எதையாவது பார்த்தீர்களா என்று தம்பி கேட்கிறார். நியாயம்.

பார்த்தேன். 2023 டிசம்பர் 17. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். காலையில் ஆராதனைக்குப் போகும்போதே மழை. ராத்திரி என்ன ஆனது என்று நம்ம பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டின மழை அது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில், நூற்றுக்கணக்கான சனங்களோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் இல்லை, போன் இல்லை. எது ரோடு, எது வாய்க்கால் என்று தெரியவில்லை.

அந்த இருட்டில் கோயில் மணி அடித்தது. கோயில் மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற எங்கள் கோவில்பிள்ளைக்கு அப்போது எழுபது வயது. மணிக்கயிறு மழையில் ஊறிக் கனத்துப்போனதால் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்து எழும்பி உட்கார்ந்து எழும்பி அடித்தாராம். நிறுத்தவில்லை. கோயில் மேட்டில் இருக்கிறது. சத்தம் கேட்கிற பக்கம் நடந்தால் மேடு. அப்படித்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். எங்கள் சபையார் மட்டும் இல்லை, அம்மன் கோயில் தெருக்காரர்களும் வந்தார்கள். பாய்க் குடும்பங்கள் இரண்டும் வந்தன. பலிபீடத்துப் படி வரைக்கும் சனம்.

விடிந்ததும் பிள்ளைகள் பசியில் அழுகிறது. கடை எல்லாம் தண்ணீருக்குள். கோயிலை ஒட்டின வெஸ்ட்ரி அறையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், காணிக்கையாக வந்து இன்னும் ஏலம் போடாமல் வைத்திருந்த பிடி அரிசி, ஒன்றேகால் மூட்டை. எந்த வீட்டில் பிடித்த அரிசியோ, புழுங்கலும் பச்சையும் சன்னமும் மோட்டாவும் கலந்த அரிசி. அதைத்தான் முதல் அண்டாவில் போட்டோம். ஒரே பக்குவத்தில் வேகவில்லை. பாதி குழைந்தது, பாதி நறுக்கென்று இருந்தது. அதை விட ருசியான கஞ்சியை நான் குடித்ததில்லை.

பார்க்காத ஊருக்கு என்று அம்மை சொன்னது அன்றைக்கு எங்களுக்கே வந்தது.

மூன்று நாள் சமைத்தோம். என் தம்பியும் நானும் பத்து வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா விட்டுப்போன பனைவிளைப் பங்குத் தகராறு. அவன் அண்டாவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், ஒரே துடுப்பு மாற்றி மாற்றிக் கிண்டினோம். எங்கள் சண்டை அந்தத் தண்ணீரோடு போய்விட்டது.

24.02.2025

“ஒன்றேகால் மூட்டையில் எத்தனை பேர் சாப்பிட்டீர்கள், நர்ஸம்மா கணக்கு இடிக்குதே” என்கிறார் ஒரு அண்ணாச்சி. இடிக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. முதல் நாள் மட்டும்தான் அந்த அரிசி. இரண்டாம் நாள் மாடி வீட்டுக்காரர்கள் தங்கள் அரிசியைத் தலையில் சுமந்து கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் வெளியூர்ப் படகு வந்தது. மீன் சாப்பிட்டீர்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மீன் தெருவிலேயே நீந்தியது, பிடிக்கத்தான் யாருக்கும் தெம்பு இல்லை.

05.03.2025, சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். ஒன்றைச் சரிசெய்யாமல் இந்த நாட்களுக்குள் நுழைய மனசு வரவில்லை.

23ந்தேதி நான் எழுதினதின் கடைசி வரி பொய்.

அண்டாவுக்கு இரண்டு பக்கமும் நின்றது உண்மை. துடுப்பு மாற்றினது உண்மை. அந்த மூன்று நாளில் அவன் என்னிடம் பேசினது ஒரே வார்த்தை. “உப்பு போதுமா?” நான் “போதும்” என்றேன். தண்ணீர் வடிந்ததும் அவன் வீட்டுக்கு அவன் போனான், என் வீட்டுக்கு நான் வந்தேன். அதன் பிறகு ஒரு வருஷம் மூன்று மாதம், அடுத்த தெருவில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை இல்லை. சாட்சி சொல்கிற ருசியில், நடக்காததை நடந்ததாக எழுதிவிட்டேன். எழுதி முடித்து எனக்கே கண் கலங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன். தகராறு என்று எழுதினேனே, அதில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினது நான். வடக்கே இருந்துகொண்டு, அப்பா செத்து நாற்பது நாள்கூட ஆகாமல் அனுப்பினேன். கடைசி காலத்தில் அப்பாவைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, வாயில் கஞ்சி ஊற்றினவன் அவன். உலகத்து நோயாளிக்கெல்லாம் பணிவிடை செய்த நான், லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவுக்கு வரவில்லை. அந்த நோட்டீஸை அவன் கையெழுத்துப் போட்டு வாங்கின நாள் அவனுடைய மகள் பிறந்தநாள் என்று பிறகுதான் மதினி சொல்லித் தெரிந்தது.

கிறிஸ்தியான்பேட்டையில் பாவத்தை வாய்விட்டுச் சொன்னார்கள் என்று முதல் நாள் எவ்வளவு சுளுவாக எழுதினேன்.

16.03.2025

பத்து நாளாக எழுதவில்லை. “எழுதுங்கக்கா” என்று கேட்டவர்களுக்காக.

காலை ஐந்து மணிக்கு லெந்து ஜெபம் நடக்கிறது. பெண்கள் நாலு பேர், கோவில்பிள்ளை ஒருவர், ஆக ஐந்து பேர். எங்கள் குருவானவர் ஐயர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார், அவருக்குச் சேகரத்தில் மற்ற சபைகளும் இருக்கிறதே. ஒரு டியூப்லைட்டின் கீழே பாய் போட்டு உட்காருகிறோம். ஆளுக்கு ஒரு சங்கீதம், பிறகு ஜெபம். எசேக்கியேல் 37ஐ ஒரு வாரம் முழுக்க வாசித்தோம், உலர்ந்த எலும்புகள் கிடந்த பள்ளத்தாக்கு. முதலில் எலும்போடு எலும்பு சேருகிறது, பிறகுதான் ஆவி வருகிறது. இத்தனை வருஷம் வாசித்தும் அந்த வரிசை என் கண்ணில் படவில்லை.

தம்பியின் கேள்வியில் “மறுநாள் காலையில் அதே ஊர்” என்று இருந்ததே, அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டோம். அடுத்த அசனத்தில், அதாவது சபை விருந்தில், பழையபடி இந்தத் தெரு இந்தப் பக்கம், அந்தத் தெரு அந்தப் பக்கம். யாரும் கயிறு கட்டிப் பிரிக்கவில்லை, கால் தானாகப் போகிறது. சாதி நம்ம சபைக்குள் எந்தக் கதவு வழியாகவும் வெளியே போகவில்லை. இதைச் சொல்லாமல் எழுப்புதலைப் பற்றி எழுதினால் நான் திரும்பவும் 23ந்தேதிதான் எழுதுகிறேன்.

நம்ம சரித்திரத்திலும் இந்த மறுநாள் உண்டு. பாளையங்கோட்டையில் சபையைத் தொடங்கின கிளாரிந்தா அம்மாள் காலத்தில், 1780ல், சபைப் பட்டியலில் இருந்தது 40 பேர். 1799ல் தாவீது சுந்தரானந்தம் துன்பப்பட்ட விசுவாசிகளைக் கூட்டிக்கொண்டு முதலூரை உண்டாக்கினார். (இன்றைக்கு மஸ்கோத் அல்வா என்றால்தான் பாதிப்பேருக்கு அந்த ஊர் தெரிகிறது.) 1802, 1803ல் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம். பிறகு உபத்திரவம், கொள்ளைநோய், வழிநடத்த ஆள் பற்றாக்குறை. எத்தனையோ பேர் பின்வாங்கிப் போனார்கள். 1816ல் ஜேம்ஸ் ஹஃப் என்ற பட்டாளத்துக் குரு பாளையங்கோட்டைக்கு வந்து தேடிப் பார்க்கிறார், சிதறிக் கிடந்த சபைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வெள்ளைக்காரர் இல்லாத அந்த வருஷங்களில் அவற்றைத் தாங்கிப் பிடித்தது நாட்டுக் குருமாரும் உபதேசிமாரும்தான். ஹஃப் ஐயர் உதவி கேட்டு எழுதி, 1820ல் ரேனியஸ் ஐயர் வந்தார்.

1803ஐப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். எனக்கு இப்போது அந்த நடுவில் இருந்த உபதேசிமாரைப் பற்றித்தான் தெரிய ஆசை. யார் வந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், ஆள் வராத நாளில் தனியாக என்ன பாட்டுப் பாடினார்கள்.

13.04.2025, குருத்தோலை ஞாயிறு

பவனிக்குக் குருத்தோலை எங்கள் பனைவிளையிலிருந்து வந்தது. என் தம்பிதான் வெட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான், வருஷா வருஷம் கொடுக்கிறானாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். ஆறு வருஷம் அந்த ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓசன்னா பாடியிருக்கிறேன்.

17.04.2025, பெரிய வியாழன்

சாயங்காலம் திருவிருந்து. காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்ற வசனம் காலையிலிருந்து விடவில்லை. நாலு மணிக்குப் போனேன்.

முற்றத்தில் மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் திண்ணையில் உட்கார்ந்து அருவாள் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. நான் என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனேன். வாயில் வந்தது, “நோட்டீஸ் அனுப்பினது தப்புடே.” அவ்வளவுதான்.

கல்லில் அருவாள் உரசுகிற சத்தம் நின்றது. எழும்பிப் பின்பக்கம் போனான். போகச் சொல்கிறான் என்று நினைத்து நான் வாசலுக்குத் திரும்பிவிட்டேன். கலயத்தோடு வந்தான். பச்சை ஓலையைக் கிழித்து, மடித்து, முனையைக் கட்டி, பட்டை பிடித்து என் கையில் தந்தான். “ரெண்டு கையாலயும் பிடி, ஒழுகும்” என்றான். பதநீரை ஊற்றினான். சுண்ணாம்பு அடியில் தெளிந்த பதநீர், ஓலை வாசனையோடு. அப்பா செத்த பிறகு அந்த விளைப் பதநீரை நான் குடிக்கவில்லை. மூன்று தரம் ஊற்றினான். போதும் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

கடைசியில் அவன் கேட்டது, “கோயிலுக்கு நேரமாவுதுல்லா?”

அவன் வரவில்லை. நான் போனேன்.

21.04.2025, ஈஸ்டர் மறுநாள்

ஈஸ்டருக்கு என் தம்பி வந்தானா என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். வரவில்லை. காலை நாலு மணி ஆராதனைக்கு மதினி வந்தாள், மகளோடு வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, இரண்டு பாய் தள்ளி உட்கார்ந்தாள். காணிக்கைக்குப் போகும்போது அவள் கையில் துணிப்பை, பிடி அரிசி. எங்கள் அம்மை வழக்கத்தை அவள்தான் இத்தனை வருஷம் விடாமல் வைத்திருக்கிறாள். நான் பெட்டியைத்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: எழுப்புதல் நம்ம பக்கம் வந்தது என்று முதல் நாள் சொன்னதை நான் மாற்றவில்லை. அது திரும்ப வரும் என்பதிலும் எனக்கு இப்போது முந்தி இல்லாத நம்பிக்கை இருக்கிறது. பந்தலைப் பார்த்து வந்த நம்பிக்கை இல்லை. நீங்கள் யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, அது உங்களுக்கும் கர்த்தருக்கும்.

04.05.2025

லெந்து முடிந்தும் ஐந்து மணி ஜெபத்தை நிறுத்தவில்லை. இன்றைக்கு ஒன்பது பேர். மேலத் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வருகிறார்கள், அதில் வயதான அக்கா ஒருத்திக்கு வாசிக்கத் தெரியாது, சங்கீதம் முழுக்க மனப்பாடம். அவள்தான் இப்போது ஜெபத்தை ஆரம்பித்து வைக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை சர்வேயர் வருகிறார். கிழக்கு ஓரத்துப் பனை பதினொன்று யார் பங்கில் விழும் என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை. என் தம்பி போன் பண்ணினான். “வெயிலுக்கு முந்தி வந்திரு, தொப்பி எடுத்துக்கோ” என்றான்.